விசிட் விசாவில் துபாய் வேலைக்கா? பணம் கொடுத்துவிடாதீர்கள்

தம்பி, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை, ஒன்பதாம் வகுப்புப் படிப்பு, ஏஜென்ட் 1,40,000 ரூபாய் கேட்கிறார், "விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

வேண்டாம். குடியாத்தத்திலிருந்து என் அக்காவின் கணவர் இதே பேச்சை நம்பித்தான் போனார். இரண்டே மாதத்தில் வெறுங்கையோடு திரும்பினார். அக்காவின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில் கிடக்கிறது. விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் குற்றம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூடக் கால் நடுங்கும்.

பத்தாவது தேறாததால் உங்கள் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையில், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும் வகையில் வரும். அமீரகம், சவூதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்னும் மத்திய அரசு அதிகாரியின் அனுமதி தேவை. அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. ஏஜென்ட் இதைத் தொல்லை என்பார். உண்மையில் உங்களுக்கு அதுதான் காவல்: வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள், 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம்.

உரிமம் பெற்ற ஏஜென்ட்டா என்பதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், ரசீது வாங்குங்கள்.

முடிந்தால் தனித்தேர்வராகப் பத்தாவதை எழுதிவிடுங்கள், தேறினால் ஈ.சி.ஆர். முத்திரை இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

நாளைக்கே ஏஜென்ட்டிடம் உரிம எண்ணைக் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள், சேர்ந்தே சரிபார்ப்போம்.