குதிரை நடக்கும், கத்தி ஓடும்: புல்வெட்டி மிஷின் கேள்வி பதில்

போன ஞாயிறு நான் போட்ட வீடியோவில் இரண்டு பெல்ஜியன் குதிரைகள் ஒரு பழைய மெக்கார்மிக்-டீரிங் 9ஆம் நம்பர் புல்வெட்டியை இழுத்துக்கொண்டு போகும். இடம் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஹோம்ஸ் கவுண்டி, ஆமிஷ் (குதிரையை வைத்தே விவசாயம் செய்யும் கிறிஸ்தவச் சமூகம்) குடும்பம் ஒன்றின் வயல். (முகம் தெரியாமல்தான் எடுத்தேன், அவர்களுக்குப் பிடிக்காது.) அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். நான் விவசாயி இல்லை, டூல் ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய கருவிகள் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறவன். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு பட்டறையில் இந்த மிஷின்களைப் பிரித்துப் பூட்டுகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். குதிரை வளர்ப்பு பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

மதுரை: அண்ணா, இஞ்சினே இல்லையே, கத்தி எப்படி அவ்வளவு வேகமா ஆடுது?

பதில்: மொத்த மிஷினும் இந்த ஒரு கேள்விக்கான விடைதான் தம்பி. குதிரை மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும், அவ்வளவுதான் அதன் வேகம். மிஷினுக்கு இரண்டு இரும்புச் சக்கரம். அவை வெறுமனே உருள்வதற்காக இல்லை, தரையைப் பிடித்துக்கொண்டு அச்சைச் சுற்றுவதே அவற்றின் வேலை. அச்சிலிருந்து பெரிய பல்சக்கரம், அதிலிருந்து சின்ன பல்சக்கரம், அப்புறம் கோணத்தில் திருப்பும் பெவல் கியர், கடைசியில் ஒரு கிராங்க் சக்கரம். இந்த வரிசையில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கிராங்க் ஏறக்குறைய 25 சுற்று சுற்றும். கிராங்கில் மாட்டிய மரத்தண்டுக்குப் பெயர் பிட்மேன். அது கத்தியை இடவலமாக இழுத்துத் தள்ளும்.

கத்தி என்றால் அரிவாள் மாதிரி நினைக்காதீர்கள். நீளமான இரும்புப் பட்டையில் முக்கோணத் தகடுகளை வரிசையாக ரிவெட் அடித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், 5 அடிக் கத்திக்கு 20 தகடு. இது கட்டர் பார் என்ற நீளச் சட்டத்தில் பூட்டிய கூரான இரும்பு விரல்களுக்குள் ஓடும். விரலுக்கும் விரலுக்கும் இடைவெளி அதே 3 அங்குலம், கத்தி ஒரு வீச்சில் போகும் தூரமும் கிட்டத்தட்ட அதே. விரலின் உள்ளே அடியில் ஒரு தகடு உண்டு. புல் அதன் மேல் சாய்ந்து நிற்க, முக்கோணம் வந்து நறுக்கும். கத்தரிக்கோலின் ஒரு அலகு அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் போட்டுவிடலாம். மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 67 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவை இரண்டரை மீட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 26, 27 சுற்று. கிராங்க் 650க்கு மேல். ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு, ஆக 1,300 வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் மிஷின் முன்னே போவது வெறும் 5 சென்டிமீட்டர். முக்கோணத்தின் வெட்டும் ஓரம் அதைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால்தான் நடுவில் புல் தப்புவதில்லை. கியர் விகிதத்தை முடிவு செய்தது இந்த 5 சென்டிமீட்டர்தான்.

திண்டுக்கல்: ட்ராக்டர்ல கட்டி இழுக்கலாமா சார்?

பதில்: இழுக்கலாம், குதிரை நடையில். அதற்கு மேல் போனால் கிராங்கும் அதே அளவுக்கு வேகமெடுக்கும், ஏதாவது ஒன்று தெறிக்கும்.

யாழ்ப்பாணம்: பின்பக்கம் போகும்போது டக டக என்று ஒரு சத்தம் வருகுதே, பழுதோ?

பதில்: பழுது இல்லை. சக்கரத்துக்குள் ராட்செட் என்ற பல்வளையமும் அதில் விழும் கொக்கிகளும் இருக்கின்றன. முன்னே போனால் கொக்கி பிடிக்கும், பின்னே தள்ளினால் பல் மேல் வழுக்கி டக டக என்னும். திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாக ஓடுமே, அப்போது அது மட்டும் பிடித்துக்கொண்டு கத்தியை ஓட்டும், உள்பக்கம் வழுக்கும். வளைவில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் ஓடவிடும் கார் டிஃபரன்ஷியலின் ஏழைத் தம்பி. முன்னே போகும்போதும் அந்தச் சத்தம் வந்தால் கொக்கி ஸ்பிரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

கோவை: கத்தியில் புல் அடைச்சா எப்படி எடுப்பாங்க? கையாலயா?

பதில்: இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் லீவரைத் தள்ளி கியரை விடுவிக்க வேண்டும். பிறகு குதிரையை இரண்டடி பின்னே எடுக்க வேண்டும். அப்புறமும் கை வேண்டாம், ஒரு குச்சி. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள்: ஈ கடித்து குதிரை அரை அடி முன்னே வைத்தால் கத்தி மூன்று வீச்சு அடித்துவிடும். இஞ்சின் இல்லையே, நின்றுதானே இருக்கிறது என்று நினைப்பதுதான் ஆபத்து. எங்கள் பட்டறைக்கு வரும் பெரியவர் ஒருவருக்கு இடது கையில் மூன்றரை விரல். கேட்டால் ஈயைத்தான் திட்டுவார்.

சேலம்: ட்ராக்டர் பின்னாடி மாட்ட முடியுமா?

பதில்: மேலே திண்டுக்கல்காரருக்குச் சொன்னது.

பெங்களூரு: பிட்மேனை ஏன் இன்னும் மரத்தில் செய்கிறார்கள்? இரும்பு கிடைக்காமலா?

பதில்: இரும்பு கிடைத்ததால்தான் நான் கெட்டேன். முதல் வருஷம், மரத்தண்டு விரிசல் விட்டிருந்தது. டூல் ரூம் திமிர், ஒரு இரும்புக் குழாயை அளவெடுத்து அழகாக வெல்டிங் வைத்து மாட்டிவிட்டேன். இரண்டு சால் அருமையாக ஓடியது. மூன்றாவது சாலில் புல்லுக்குள் பழைய வேலிக் கம்பி. கத்தி நின்றது, கிராங்க் நிற்கவில்லை. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தியின் தலை முறிந்தது, கிராங்க் முளையும் வளைந்தது. மாற்றுப் பாகம் தேடி மூன்று வாரம் அலைந்தேன், அதற்குள் மழை வந்து அந்த வயல் புல் கறுத்தே போனது. ஹிக்கரி மரத்தண்டாக இருந்திருந்தால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். உங்கள் வீட்டு ஃப்யூஸ் கம்பி என்ன வேலை செய்கிறதோ அதே வேலை. தவிர, எடை குறைந்த தண்டு நிமிடத்துக்கு 1,300 தடவை திசை மாறும்போது அதிர்வும் குறைவு.

திருச்சி, மெக்கானிக்கல் மாணவி: கட்டர் பார் நேராக இல்லாமல் வெளி முனை கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு இருக்கிறதே, வளைந்துவிட்டதா?

பதில்: கண்ணு இருக்கிறது உங்களுக்கு. வளையவில்லை, வேண்டுமென்றே அப்படி வைப்பது. அதற்கு லீட் என்று பெயர். 5 அடி பாருக்கு வெளி முனை ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம் முன்னே இருக்க வேண்டும். நிற்கும்போது கோணலாகத் தெரியும். ஓடும்போது புல்லின் எதிர்ப்பு வெளி முனையைப் பின்னே தள்ளும், அப்போது பிட்மேனும் கத்தியும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும். பழைய மிஷினில் கீல் முளைகள் தேய்ந்து லீட் போயிருக்கும். பார் பின்னோக்கிச் சாய்ந்து, கத்தி ஒவ்வொரு வீச்சிலும் விரலின் பக்கவாட்டில் உரசும். குதிரை வியர்த்துக் கொட்டும், ஓட்டுகிறவர் குதிரைக்கு வயசாகிவிட்டது என்பார்.

இதோடு ரிஜிஸ்டர் என்று இன்னொன்றும் பார்க்க வேண்டும். வீச்சின் இரண்டு முனையிலும் முக்கோணத்தின் நடு, விரலின் நடுவில் வந்து நிற்க வேண்டும். கால் அங்குலம் தவறினாலும் ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் மெல்லும். கையால் கிராங்கைச் சுற்றிப் பார்த்துச் சரிசெய்யலாம். குதிரையை அவிழ்த்துவிட்டு! கோவைக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

சென்னை: சீட் ஏன் அவ்வளவு பின்னால் தொங்குது? விழுந்துடற மாதிரி இருக்கு.

பதில்: விழுந்தால் கத்திக்குப் பின்னால் விழட்டும் என்று. பழைய சில மாடல்களில் கத்தி பின்னால் இருந்தது, தூக்கிப்போட்டால் ஆள் அதற்கு முன்னால் விழுந்தார். இன்னொரு காரணம் எடை. குதிரைகளுக்கு நடுவே போகும் ஏர்க்காலின் பாரம் அவற்றின் கழுத்தில் தொங்கும். ஓட்டுகிறவர் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தராசு மாதிரி சமமாகும். ஒல்லியான பையன் ஓட்டினால் குதிரைக்குத்தான் கஷ்டம்.

நெல்லை: இதை யார் கண்டுபிடிச்சாங்க? மெக்கார்மிக் தானே?

பதில்: அறுவடை மிஷின் என்றால் பள்ளிக்கூடப் பதில் அதுதான். சைரஸ் மெக்கார்மிக், வர்ஜீனியா, 1831இல் ஓட்டிக் காட்டினார், 1834இல் பேடண்ட். ஆனால் ஓபெட் ஹஸ்ஸி என்பவர் 1833 டிசம்பரிலேயே பேடண்ட் வாங்கிவிட்டார்.

டொராண்டோ: பேட்ரிக் பெல்லை மறந்துட்டீங்களே?

பதில்: மறக்கவில்லை, அடுத்து வரத்தான் இருந்தேன். ஸ்காட்லாந்தில் பாதிரியாருக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். வேலிச் செடி கத்தரிக்கும் கத்தரிக்கோலைப் பார்த்து யோசனை வந்ததாம். கொட்டகைக்குள் மண்ணைக் கொட்டி, ஓட்ஸ் தாளை ஒவ்வொன்றாக நட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அறுத்துப் பார்த்தார். பிறகு ராத்திரியில் சகோதரரோடு வயலுக்குப் போய் யாருக்கும் தெரியாமல் ஓட்டினார். 1828இல் ஊரறிய அறுவடை. பேடண்ட் வாங்கவே இல்லை. அவர் மிஷினில் குதிரை பின்னால் நின்று தள்ளும், பயிர் மிதிபடாது. அறுத்த தாளை ஒரு கான்வாஸ் பட்டை பக்கவாட்டில் கொண்டுபோய்ப் போடும். இன்றைய கம்பைன் ஹார்வெஸ்டருக்குள் எட்டிப் பார்த்தால் அந்தக் கான்வாஸின் பேரனைப் பார்க்கலாம்.

நெல்லை: அப்படின்னா மெக்கார்மிக் திருடினாரா?

பதில்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. அமைப்பே வேறு. மெக்கார்மிக் மிஷினில் குதிரை முன்னால் பக்கவாட்டில் நடக்கும், மேலே சுழலும் சட்டங்கள் பயிரைக் கத்தி மேல் சாய்க்கும். ஹஸ்ஸியின் மிஷினில் அந்தச் சுழலும் சட்டங்கள் இல்லை, ஆனால் அவருடைய கத்தியும் விரலும் இன்னும் சிறந்தவை. இன்று என் கையில் இருக்கும் பாரைப் பார்த்தால் அது ஹஸ்ஸியின் பிள்ளை என்றுதான் சொல்வேன்.

நியூ ஜெர்சி: ஜோ ஆண்டர்சன் பெயர் ஏன் எந்தப் பதிலிலும் வரலை? மெக்கார்மிக் வீட்டில் அடிமையாக இருந்தவர், கூட நின்று செய்தவர்.

பதில்: நியாயமான கேள்வி, என் தவறு. மெக்கார்மிக்கின் அப்பா ராபர்ட்டும் பல வருஷம் முயன்று கைவிட்ட வேலை அது. அந்தப் பட்டறையில் ஆண்டர்சனின் கையும் இருந்தது. அடிமைக்குப் பேடண்டில் பெயர் வராது. ஆகவே "யார் கண்டுபிடித்தார்" என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயர் கேட்டால் என்னிடம் இல்லை.

டொராண்டோ: 1851 லண்டன் கண்காட்சியில் மெக்கார்மிக் ஜெயித்தாரே, அதுவே தீர்ப்பு இல்லையா?

பதில்: அங்கே ஈரமான பயிரில் ஹஸ்ஸியின் மிஷின் திணறியது, மெக்கார்மிக் பதக்கம் வாங்கினார். அதே வருஷம் இன்னொரு போட்டியில் ஹஸ்ஸி ஜெயித்தார். ஆளுக்கு ஒன்று. மெக்கார்மிக்கின் பேடண்டை நீட்டிக்க 1848இல் மறுத்துவிட்டார்கள், அதற்குள் அவர் சிகாகோவில் தொழிற்சாலை போட்டாயிற்று. தவணையில் விற்றார், உத்தரவாதம் கொடுத்தார், ஊர் ஊராக ஏஜெண்ட் வைத்தார். ஹஸ்ஸிக்கு விற்கத் தெரியவில்லை. 1860இல், நின்ற ரயிலிலிருந்து இறங்கி ஒரு குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனவர், திரும்ப ஏறும்போது அடிபட்டுச் செத்தார்.

மலேசியா: ரோமானியர்கள் அதுக்கும் முன்னாடியே செய்ததாகப் படிச்சேன்.

பதில்: சரிதான். கால் (Gaul) என்ற பழைய நாட்டில், இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம். பல்வரிசை வைத்த பெட்டியை மாடோ கழுதையோ பின்னாலிருந்து தள்ளும், கதிர் மட்டும் பிடுங்கிப் பெட்டிக்குள் விழும். ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார், பெல்ஜியத்தில் பியூசனோல் என்ற இடத்தில் 1958இல் அதன் கற்சிற்பமே கிடைத்தது. அதே சீப்புத் தத்துவம் 1843இல் தென் ஆஸ்திரேலியாவில் ரிட்லி மிஷினாகத் திரும்பி வந்தது, தாள் காய்ந்து நொறுங்கும் அந்த வெயிலில் சீப்பு போதும். சரி, கண்டுபிடித்தவர் வழக்கு இத்தோடு ஒத்திவைப்பு. மிஷினைக் கேளுங்கள்.

நெல்லை: கடைசியா ஒண்ணு, பெல்லா ஹஸ்ஸியா?

பதில்: ஒத்திவைப்பு.

தஞ்சாவூர்: நம்ம நெல்லுக்கு, மாடு கட்டி இதை ஓட்டினால் என்ன?

பதில்: சேற்றில் சக்கரம் வழுக்கும், வழுக்கினால் கத்தி நிற்கும். தரையைப் பிடிக்காத சக்கரத்துக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. காய்ந்த தரையில் தீவனப் புல் வெட்டலாம். மாடு குதிரையைவிட மெதுவாக நடக்கும் என்பதால் அதிக விகிதக் கியர் உள்ள மாடல் வேண்டும். வழவழப்பான முக்கோணம் புல்லுக்கு. தானியத் தாளுக்கு ஓரத்தில் கதிர் அரிவாள் மாதிரி பல் வெட்டியது வேண்டும், இல்லாவிட்டால் தாள் வழுக்கிக்கொண்டு போகும்.

புதுச்சேரி: அறுத்ததை யார் கட்டுவாங்க?

பதில்: முதலில் ஆட்கள்தான். மிஷின் அரி அரியாகத் தள்ளும், பின்னால் வருகிறவர்கள் தாளையே முறுக்கிப் புரி ஆக்கிக் கட்டுவார்கள். பிறகு கம்பியால் கட்டும் மிஷின் வந்தது. கம்பித் துண்டு மாட்டின் வயிற்றுக்குள் போனதும் விவசாயிகள் கொதித்தார்கள். 1878 வாக்கில் ஜான் ஆப்பிள்பியின் முடிச்சுக் கருவி வந்தது. பறவை அலகு மாதிரி ஒரு கொக்கி சுழன்று, கயிறு அதைச் சுற்றிக்கொள்ளும், அலகு திறந்து கயிற்று நுனியைக் கவ்வும், கட்டு தள்ளப்படும்போது முடிச்சு அலகிலிருந்து வழுக்கி இறங்கும். எல்லாம் ஒரு கண்ணிமைப்பில். இன்று வைக்கோல் கட்டும் பேலருக்குள் இருப்பது அதேதான். அந்தக் கயிற்றுக்காக மெக்சிகோவின் யுகடானில் ஏராளமான நிலம் கற்றாழை நார்த் தோட்டமானது தனிக் கதை.

ஈரோடு: ட்ராக்டர்...

பதில்: திண்டுக்கல். திண்டுக்கல். திண்டுக்கல்.

ஓசூர்: எங்க கிடைக்கும், என்ன விலை?

பதில்: நான் விற்பதில்லை.

திருச்சி மாணவி: ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெட்டும்? செமினாருக்கு வேணும்.

பதில்: 5 அடி அகலம், மணிக்கு 4 கிலோமீட்டர், கணக்கில் ஒன்றரை ஏக்கர். திரும்புவது, குதிரைக்கு மூச்சு விடுவது, கத்தி மாற்றுவது எல்லாம் போக ஒரு ஏக்கர் என்று வையுங்கள். கத்தி இரண்டு வைத்திருப்பார்கள், ஒன்று ஓடும்போது இன்னொன்று சாணையில். செமினாரில் நிஜ பார் கொண்டுவந்து காட்டுவதாக இருந்தால் கத்தியை உருவிவிட்டுக் காட்டுங்கள். உருவிய கத்தியையும் மேசை மேல் வெறுமனே வைக்காதீர்கள், இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள். மிச்சக் கேள்விகள் அடுத்த சனிக்கிழமை, எனக்கு இப்போது ஷிஃப்ட்.