பெரிய பட்ஜெட் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவதில் அப்படி என்னதான் சிக்கல்? கிராபிக்ஸா?

வீட்டில் லினக்ஸ் மட்டுமே வைத்துக்கொண்டு கேம் ஆடுகிற ஆள் நான். தனியாக ஆடும் கேம்களைப் பொறுத்தவரை கிராபிக்ஸ் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இப்போது வழிமறிப்பது ஆன்டி-சீட், அதாவது ஆன்லைன் கேம்களில் ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள்.

விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும், கிராபிக்ஸ் போன்றவற்றுக்காக மைக்ரோசாஃப்ட் தரும் டைரக்ட்எக்ஸை நம்பி எழுதப்படுபவை. லினக்ஸில் அது கிடையாது. முன்பெல்லாம் கேமையே லினக்ஸுக்காக மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதையே தொழிலாகச் செய்த லோகி சாஃப்ட்வேர் 1998-ல் தொடங்கி 2002-லேயே மூடப்பட்டது. நிலைமையை மாற்றியது 2018 ஆகஸ்டில் ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி வெளியிட்ட புரோட்டான். வைன் என்ற பழைய மென்பொருளின் மேல் கட்டப்பட்ட அது, விண்டோஸ் கேமை அப்படியே லினக்ஸில் ஓடவைக்கிறது. அதற்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே என்ற பகுதி, கேம் கேட்கும் டைரக்ட்3டி (டைரக்ட்எக்ஸின் 3டி கிராபிக்ஸ் பகுதி) வேலைகளை ஓட ஓட, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாற்றித் தருகிறது. பிலிப் ரெபோலே என்ற புரோகிராமர், நியர் ஆட்டோமேட்டா கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு ஆரம்பித்த வேலை அது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

சின்னச் சின்னத் தொல்லைகள் மிச்சம் இருக்கின்றன. சில கேம்களில் கதைக் காட்சி வரவேண்டிய இடத்தில், பழைய டிவியில் வருமே, அந்த வண்ணப் பட்டைகள் வந்து நிற்கும். வீடியோவைச் சுருக்கி விரிக்கும் கோடெக்கின் காப்புரிமைச் சிக்கலால் அந்த வீடியோவை ஸ்டீம் வேறு வடிவத்துக்கு மாற்றித் தரவேண்டும். அது தயாராகாதவரை பட்டைதான். இன்னொன்று, கேமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்கள் (வேலை இழைகள்) ஒன்றுக்கொன்று காத்திருப்பதை விண்டோஸ் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) கையாளும் விதமே தனி. வைன் அதைத் தனி புராசஸ் வழியாகச் செய்ததில் வேகம் குறைந்தது. இதற்காகவே 2025-ல் லினக்ஸ் 6.14 கெர்னலில், அந்த வேலையைக் கெர்னலிலேயே செய்யும் என்டிசிங்க் வந்தது.

ஆன்டி-சீட் கதை வேறு. ரயட் என்ற கேம் கம்பெனியின் ஆன்டி-சீட்டான வான்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்து கண்காணிப்பது. புரோட்டானால் அதை ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் கூடாது. 2024-ல் அது லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு வந்ததும் லினக்ஸில் ஆடியவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். லினக்ஸில் யார் வேண்டுமானாலும் கெர்னலையே மாற்றிக்கொள்ளலாம், எதை நம்புவது என்று கம்பெனிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024 அக்டோபர் கடைசியில் ஏறக்குறைய இதே காரணம் சொல்லித்தான் கதவை மூடியது.

ஜிடிஏ ஆன்லைன் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். 2024 செப்டம்பரில் அதில் சேர்த்த பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட், 2021-லிருந்தே புரோட்டானில் ஓடக்கூடியது. கேம் கம்பெனி சம்மதம் சொன்னால் போதும். சொல்லவில்லை, லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக் வைத்திருப்பவர்கள் ஆன்லைன் ஆட முடியாமல் போயிற்று. எல்டன் ரிங்கிலும் ஈஸி ஆன்டி-சீட் இருக்கிறது, ஆனால் டெக்கில் ஆன்லைனே ஆடலாம். அதை உருவாக்கியவர்கள் அனுமதித்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே விண்டோஸை அழிப்பதற்கு முன் உங்கள் கேம்களை, எது லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே பதியும் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். நண்பர்களோடு ஆடுவது வேலரண்ட், ஃபோர்ட்நைட் என்றால் விண்டோஸை விட்டுவிடாதீர்கள். சைபர்பங்க் 2077 மாதிரித் தனியாக ஆடுபவை என்றால் தயங்காமல் மாறலாம்.