ஈபேயில் அந்தக் கால அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத் கையெழுத்திட்ட பேஸ்பால் விற்பனைக்கு வந்திருக்கிறது, சான்றிதழும் உண்டு. நம்பி வாங்கலாமா?

சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பந்தைப் பாருங்கள். காகிதத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 1990களில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்க எஃப்பிஐ நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ வேட்டையில் அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால்கள்கூடச் சிக்கின!

ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் அதிகாரப்பூர்வப் பந்துகளில் அப்போதைய லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். வில் ஹாரிட்ஜ் 1931இல் தலைவரானார். 1959இல் ஜோ குரோனின் வந்தார். பந்தில் குரோனின் பெயர் இருக்கிறதா? அப்படியானால் ரூத் செத்துப் பத்து வருஷம் கழித்து வந்துதான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

சரி, பந்து அந்தக் காலத்துடையதுதான் என்றே வைத்துக்கொள்வோம். பழைய வெற்றுப் பந்தைத் தேடிப்பிடித்து, அதில் புதிதாக எழுதுகிறவர்களும் உண்டு. விற்பவரிடம் நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள். பழகிய கை சரசரவென ஓடும். பார்த்து வரைகிற கை தயங்கும், கோடு நடுங்கும், நிறுத்திய இடத்தில் மை மொத்தையாக நிற்கும்.

கையெழுத்தைச் சோதித்துச் சான்று தரும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ நிறுவனங்களின் சான்றிதழ் என்றால் அதிலுள்ள எண்ணை அவர்கள் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், விற்பவர் அனுப்பும் இணைப்பில் போகாதீர்கள். எண் உண்மையாக இருந்து பந்து வேறாக இருக்கலாம். அதனால் அந்தத் தளத்தின் பதிவில் படம் இருந்தால் தையலையும் கறையையும் ஒப்பிடுங்கள். விற்பவர் படம் தர மறுத்தால் அடுத்த பந்தைப் பாருங்கள்.