பிராசசர் கொதிக்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் கம்ப்யூட்டர் ரொம்பச் சூடாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: எந்த பிராசசர், எத்தனை டிகிரி, என்ன வேலை செய்யும்போது? மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. கோர் டெம்ப் மாதிரி பிராசசரின் சூட்டைக் காட்டும் ஒரு மென்பொருளைப் போட்டு, சும்மா இருக்கும்போது எவ்வளவு, வேலை கொடுத்தால் எவ்வளவு என்று குறித்து அனுப்புங்கள். கேபினட்டைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர். ரெண்டர் போட்டால் 95 டிகிரியில் போய் நிற்கிறது. பழுதா?

பதில்: இல்லை. முழுச் சுமையில் 95 வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் ஏஎம்டி அதை வடிவமைத்திருக்கிறது. மனசு கேட்கவில்லை என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடு போடுங்கள். சூடு நன்றாக இறங்கும், வேகம் கொஞ்சம்தான் குறையும்.

கேள்வி: நேற்று புது கூலர் மாட்டினேன். ஆன் செய்த ஒரு நிமிடத்தில் 100-ஐத் தொட்டு அணைந்துவிடுகிறது.

பதில்: திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். கூலர் பிராசசர் மேல் சரியாக உட்காரவில்லை. பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டுகிறவர்கள் ஏராளம். இன்டெல்லின் நான்கு பின் கூலர் என்றால் போர்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். நான்கு துளையிலும் வெள்ளைக் கால்கள் விரிந்து, நடுவில் கருப்பு பின் தெரிய வேண்டும். ஒன்று பாதியில் நின்றாலும் இந்தக் கதிதான்.

கேள்வி: மூன்று வருடப் பழைய கம்ப்யூட்டர். கேம் ஆடும்போது 90 தாண்டுகிறது. தெர்மல் பேஸ்ட்டை மூன்று முறை மாற்றிவிட்டேன். இதைவிட நல்ல பேஸ்ட் எது?

பதில்: எந்த பேஸ்ட்டும் வேண்டாம். வருகிற கடிதங்களில் பாதி இப்படித்தான். சூடு என்றதும் பேஸ்ட்டைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளியை நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை. சாதாரண பேஸ்ட்டுக்கும் உசத்தியான பேஸ்ட்டுக்கும் சில டிகிரிதான் வித்தியாசம். சும்மா சும்மா கூலரைக் கழற்றினால், ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) பிராசசரே கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்து பின்கள் வளையும்.

முதலில் சூடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே 90-க்குத் தாவினால் கூலரின் பிடியைச் சந்தேகப்படலாம். பத்து, பதினைந்து நிமிடத்தில் படிப்படியாக ஏறினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்து அதே கேமை ஆடுங்கள். ஐந்து, பத்து டிகிரி குறைந்தால் கேபினட்டுக்குள் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் தூசி. விசிறி இறக்கையைத் துடைத்துவிட்டு 'சுத்தம் செய்துவிட்டேன்' என்று எழுதாதீர்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு விசிறியைத் தனியாகக் கழற்றினால், அதன் பின்னால், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் முகப்பில் கம்பளித் துணி மாதிரி சாம்பல் நிறப் படலம் தெரியும். மூன்று வருடத்தில் நிச்சயம் இருக்கும். அதை பிரஷ்ஷால் எடுங்கள். ஏர் புளோயர் பிடித்தால் இறக்கை சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லிக்விட் கூலர். ரேடியேட்டர் விசிறிகள் நன்றாகச் சுற்றியும் சும்மா இருக்கும்போதே 90.

பதில்: திரவத்தைச் சுற்றவைக்கும் பம்ப் ஓடவில்லை போலிருக்கிறது. பிராசசர் 90-ல் இருக்க, ரேடியேட்டர் ஜில்லென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். பம்ப்பின் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் கூலரை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: ஐ9-13900கே. பயாஸில் எல்லாம் ஆட்டோ. 100 டிகிரி, கேம்களும் அடிக்கடி கிராஷ் ஆகின்றன.

பதில்: பல போர்டுகளில் 'ஆட்டோ' என்றால் மின்சார வரம்பே இல்லை என்று பொருள். இந்தச் சில்லுக்கு இன்டெல் சொல்லும் டர்போ (உச்ச வேக) வரம்பு 253 வாட். உடனே பயாஸை அப்டேட் செய்து, இன்டெல் டிஃபால்ட் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களின் அதிக வோல்டேஜ் கோளாறுக்கான திருத்தம் 2024 ஆகஸ்டிலிருந்து வருகிறது. ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை அது சரிசெய்யாது. அதன் பிறகும் கிராஷ் ஆனால் வாரண்டியில் கொடுங்கள். இந்தக் கோளாறுக்காகவே அதை இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

கேள்வி: மூடியைத் திறந்தே வைத்து ஓட்டலாமா?

பதில்: சோதனைக்கு மட்டும். முடிந்ததும் மூடிவிடுங்கள்.