இல்லாத நோய்க்கு எதற்கு விசாரணை?

கேள்வி: காய்ச்சல் விட்டுச் சில நாட்களில் என் 7 வயது மகனுக்கு இரு கால்களும் சோர்ந்துவிட்டன. வைத்தியசாலையில் இரண்டு தடவை மலம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து, கிளினிக் கொப்பியைப் பார்த்து, இந்தியாவிலிருந்து யாரும் வந்தார்களா என்றும் விசாரித்தார். எல்லாத் தடுப்பு மருந்தும் கொடுத்த பிள்ளைக்குப் போலியோ என்று சந்தேகிக்கிறார்களா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அப்படி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தாலும், அது கியேன்-பரே போன்ற வேறு நரம்புப் பாதிப்பே என்று வைத்தியர் கருதினாலும், தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டிருந்தாலும், உடனே அறிவித்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் இனங்காணப்பட்டார். தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றது என்ற சான்றிதழ் 2014 மார்ச் 27இல் கிடைத்தது. ஆனால் நோயாளி இல்லை என்பதற்கும், யாரும் தேடவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தேடலே நிரூபிக்கிறது. 15 வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவராவது போலியோ அல்லாத தளர்வுடன் கண்டறியப்படாவிட்டால், அங்கே கண்காணிப்புச் சரியில்லை என்றே கொள்வர். முல்லைத்தீவின் மொத்தச் சனத்தொகையே 2012 கணக்கெடுப்பில் ஓர் இலட்சத்தை எட்டவில்லை. சில ஆண்டுகளில் ஒரு பிள்ளையும் அகப்படாதிருக்கலாம் என்பதால், அகப்படும் பிள்ளையைத் தவறவிடக்கூடாது.

வைரசு மலத்தில் எப்போதும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஆகையால் தளர்வு தொடங்கி 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணித்தியால இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுத்து, ஐஸ் பெட்டியில் குளிர் குன்றாமல் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். வன்னியிலிருந்து அவ்வளவு தூரம் போகும் பெட்டியில் குளிர் விட்டுப்போனால், இல்லை என்று வரும் பெறுபேற்றை நம்ப முடியாது. பயணம் பற்றிய கேள்வியும் வழமையானதே. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 சனவரியில் இனங்காணப்பட்டார். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் வைரசு இன்னும் ஓயவில்லை. 60 நாட்களின் பின் பிள்ளையின் கால் பலத்தை மீண்டும் பார்ப்பார்கள். நடக்கத் தொடங்கிவிட்டான் என்று அதைத் தவிர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: காய்ச்சலுடன் செந்தழும்பு வந்தால் இரத்தம் எடுப்பது ஏன்?
– வாசகர், மாங்குளம்

பதில்: அதே காரணம்தான். சின்னமுத்து ஒழிந்ததாக 2019இல் உறுதிப்படுத்தப்பட்ட நம் நாட்டில் 2023இல் அது மீண்டும் பரவியது. செந்தழும்பைப் பார்த்து மட்டும் சின்னமுத்தா, ருபெல்லாவா, வேறேதுமா என்று சொல்ல முடியாது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் தடுப்பூசி தவறியிருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இடப்பெயர்வில் கொப்பி தொலைந்திருந்தாலும் கூச்சப்பட வேண்டாம்.