ஜார்ஜியா ஆளுநர் தேர்தல்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், ஆளுநர் என்றால் டெல்லியிலிருந்து அனுப்பப்படுபவர்தானே? அவருக்கு எதற்குத் தேர்தல்?

பதில்: அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே ஆளுநர் நம் முதல்வர் மாதிரி, மாநில ஆட்சியை நடத்துபவர். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்குள்ள ஜார்ஜியா மாநிலத்தின் 2018 தேர்தலை வைத்துச் சொல்கிறேன், எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது.

கேள்வி: வேட்பாளரைக் கட்சித் தலைமைதானே அறிவிக்கும்?

பதில்: இல்லை, அதற்கும் ஓட்டுதான். அதைத்தான் பிரைமரி என்கிறார்கள். ஜார்ஜியாவில் வாக்காளர் பட்டியலில் யாருக்கும் கட்சி குறிக்கப்படுவதில்லை. சாவடிக்குப் போய் எந்தக் கட்சியின் பிரைமரி என்று சொல்ல வேண்டும், ஒன்றில்தான் ஓட்டுப் போடலாம். 2018 மே 22 அன்று குடியரசுக் கட்சியில் ஐந்து பேர் நின்றார்கள். துணை ஆளுநர் கேசி கேகலுக்கு 39%, பிரையன் கெம்ப்புக்கு 25.5%. யாரும் பாதியைத் தாண்டாததால் ஜூலை 24 அன்று இந்த இருவருக்கும் மறு சுற்று. இடையில் கேகலின் பேச்சு ஒன்று ரகசியமாகப் பதிவாகி வெளியே வந்தது, டிரம்ப்பும் கெம்ப் பக்கம் நின்றார். இரண்டாவதாக வந்த கெம்ப் 69% வாங்கி வேட்பாளரானார். ஜனநாயகக் கட்சியின் ஸ்டேசி ஏப்ரம்ஸுக்கு முதல் சுற்றே போதுமானதாக இருந்தது.

கேள்வி: அண்ணா, இந்தப் பாதிக்கணக்கு எதற்கு? அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்று விட்டுவிடலாமே?

பதில்: 1966இல் பொதுத் தேர்தலில், அதாவது கட்சி வேட்பாளர்கள் மோதும் இறுதித் தேர்தலில், குடியரசுக் கட்சியின் போ காலவே முன்னால் இருந்தார், ஆனால் பாதி வரவில்லை. வாக்குச்சீட்டில் இல்லாத எல்லிஸ் ஆர்னலின் பெயரைப் பலர் கையால் எழுதிப் போட்டதுதான் காரணம். அப்போதைய விதிப்படி முடிவு சட்டமன்றத்துக்குப் போனது. அது, தன் உணவகத்துக்கு வந்த கறுப்பினத்தவரைத் துரத்தியடித்தவரும் இரண்டாவதாக வந்தவருமான ஜனநாயகக் கட்சியின் லெஸ்டர் மேடக்ஸை ஆளுநராக்கியது. அதன் பிறகுதான் மறு சுற்றை மக்களிடமே விட்டார்கள். ஆனால் பிரைமரிக்கு இதே விதி 1964இலேயே வந்துவிட்டது. கறுப்பின வாக்காளர்கள் ஒன்றுசேர்ந்து ஒருவரை ஜெயிக்கவைப்பதைத் தடுக்கத்தான் அது என்ற குற்றச்சாட்டு இன்றும் உண்டு.

கேள்வி: தேர்தலை நடத்தியவரே போட்டியிட்டாராமே?

பதில்: ஆமாம். கெம்ப் அப்போது மாநிலச் செயலர், தேர்தல் அவர் பொறுப்பு. வாக்களிப்பு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் பதவி விலகினார். பெயரில் ஓர் எழுத்து, ஒரு சிறு கோடு அரசு ஆவணத்தோடு பொருந்தாவிட்டாலும் அப்போது வாக்காளர் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது. அப்படிச் சுமார் 53,000 விண்ணப்பங்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவருடையவை. அடையாள அட்டை காட்டினால் அவர்கள் ஓட்டுப் போட முடிந்தது என்பதும் உண்மை. அந்தப் பதவியில் இருந்துகொண்டே கெம்ப் போட்டியிடுவதைச் சட்டம் தடுக்கவில்லைதான், ஆனாலும் அவர் முன்பே விலகியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் தோற்ற பக்கத்துக்கு நம்பிக்கை எப்படி வரும்?

கேள்வி: கடைசியில்?

பதில்: நவம்பர் 6 அன்று கெம்ப் 50.2%, ஏப்ரம்ஸ் 48.8%. வித்தியாசம் 54,723 ஓட்டு. கெம்ப்புக்குக் கால் சதவீதம் குறைந்திருந்தால் பொதுத் தேர்தலுக்கும் மறு சுற்று வந்திருக்கும். 2022இல் டிரம்ப் தன் ஆளை நிறுத்தியும் பிரைமரியில் கெம்ப் 70%க்கு மேல் வாங்கினார். அப்புறம் ஏப்ரம்ஸை மறுபடி வென்றார்.

கேள்வி: அங்கேயும் விரலில் மை வைப்பார்களா?

பதில்: மை கிடையாது. பீச் பழப் படத்தில் 'நான் ஜார்ஜியா வாக்காளர்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஸ்டிக்கர் தருவார்கள். சட்டையில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.