சிஸ்டம்பொலாகெட்டில் ஆஃபர் வராது, தம்பி

ஸ்வீடனில் கோத்தன்பர்க் வந்து மூன்று வாரம் ஆகிறது, சூப்பர் மார்க்கெட்டில் தண்ணி மாதிரி பீர்தான் கிடைக்கிறது, பச்சை போர்டு போட்ட சிஸ்டம்பொலாகெட் என்ற அரசு மதுக்கடையில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, எப்போது ஆஃபர் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போடவே மாட்டார்கள் தம்பி. நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ அட்டையை அங்கே ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூடப் பார்த்ததில்லை.

டாஸ்மாக்கும் அரசுக் கடைதான், இதுவும் அரசுக் கடைதான். ஆனால் 1955-இல் தொடங்கிய இந்தக் கடைக்கு விற்பனையைப் பெருக்கும் எண்ணமே கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் 3.5 சதவீதம் வரை உள்ள பீர்தான் விற்கலாம். அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் இங்கேதான் வர வேண்டும். பீரைக் குளிர வைத்துக்கூடத் தர மாட்டார்கள். வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மதுவரி பாட்டில் விலையைப் பார்த்துப் போடுவதில்லை, உள்ளே எவ்வளவு ஆல்கஹால் என்று பார்த்துப் போடுகிறார்கள். 700 மில்லி, 40 சதவீத வோட்கா என்றால் மதுவரி மட்டுமே 140 குரோனருக்கு மேல். அதற்கும் சேர்த்து 25 சதவீத விற்பனை வரி வேறு. அதனால் இருப்பதிலேயே மலிவான வோட்காவை எடுத்தால் நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி வரிதான், சரக்குக்குப் போவது கொஞ்சம். ஒயினில் வரியின் பங்கு அவ்வளவு பெரிதில்லை. 750 மில்லி பாட்டிலுக்கு மதுவரி சுமார் 20 குரோனர், 80 குரோனர் ஒயினானாலும் 300 குரோனர் ஒயினானாலும் அதே வரிதான். கடை வைக்கும் லாபமும் ஒயின் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. உயர்ந்த சரக்கு என்று கூடுதல் சதவீதம் ஏற்றுவதில்லை. அதனால் கூடக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி சரக்குக்கே போகும். ஊரில் ‘ஃபுல்லே இவ்வளவுதானே’ என்று குவார்ட்டர் கணக்கில் யோசித்த நமக்கு இது தலைகீழ். 130, 150 குரோனர் ஒயினில்தான் காசுக்கு ஏற்ற சரக்கு கிடைக்கும் என்பது என் அனுபவம். தெற்கே மால்மோவிலும் வடக்கே கிருனாவிலும் ஒரே விலை என்பதால் கடை கடையாக அலைய வேண்டாம்.

சரக்கு வகை குறைவு என்று எழுதியிருந்தீர்கள், அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அலமாரியில் இருப்பது கொஞ்சம்தான். ஆர்டர் செய்து வரவழைக்கும் பட்டியல் அதைவிடப் பல மடங்கு பெரியது, ஆப்பில் தேடிப் பாருங்கள். அப்புறம், ஊழியர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருமுறை செட்டிநாட்டுக் கோழி காரத்தை விவரித்து என்ன எடுக்கலாம் என்று கேட்டேன். விலை உயர்ந்த சிவப்பு ஒயின் எதையாவது காட்டுவார் என்று நினைத்தால், லேசாக இனிக்கும் ஜெர்மன் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கோழிக் குழம்புக்கு அதுதான்.

நேரம்தான் உங்களைப் படுத்தும். சனிக்கிழமை பெரும்பாலும் மூன்று மணிக்கே சாத்திவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. ஜூன் மாதக் கோடைத் திருவிழாவான மிட்சம்மருக்கு முந்தைய நாளும் கடை கிடையாது. எங்கள் முதல் வருடத் தீபாவளிக்கு நண்பர்களை அழைத்துவிட்டு மூன்றேகால் மணிக்குக் கதவைத் தள்ளிப் பார்த்தவன் நான். அன்று எல்லாரும் ரசம் குடித்தோம்.

அடுத்த முறை சென்னையிலிருந்து வரும்போது ஒரு லிட்டர் விஸ்கியோ ரம்மோ வரியில்லாமல் கொண்டு வரலாம், அதோடு 4 லிட்டர் ஒயினும் 16 லிட்டர் பீரும் அனுமதி. பதினாறு லிட்டர் பீரை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பது வேறு கதை. இதற்கும் சரி, கடைக்கும் சரி, இருபது வயது ஆகியிருக்க வேண்டும். உங்களைப் பார்த்தால் வயதுக்குச் சான்று கண்டிப்பாகக் கேட்பார்கள், இங்கத்திய அடையாள அட்டை வரும்வரை பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.